அடிமைத் தீவில் ஒரு கூட்டம்

கொம்பனித்தெரு ஸ்டேஷனுக்குப் பின்னால்
வாசிகசாலை மேல்மாடி.
நாற்பது கதிரை, முப்பத்தொரு பேர்,
ஒரே மின்விசிறி தலைவரைப் பார்த்தபடி.
ஆங்கிலத்தில் இவ்விடத்துக்கு அடிமைத் தீவு என்று பெயர்.
தபாலுறையில் அதை எழுதும்போது
யார் பேனையும் தயங்குவதில்லை.

நான் மொழிபெயர்ப்பாளர்.
மூன்று மொழி, ஒரு தொண்டை,
மணித்தியாலத்துக்கு ஆயிரத்தைந்நூறு.

கேள்வி இதுதான்:
அடிமைப்பட்டதற்கு நட்டஈடு
யார் கொடுப்பது, யாருக்கு?
ஆளுக்கு இரண்டு நிமிடம்.
மணி கிடைக்கவில்லை,
தேநீர்க் கிளாஸில் கரண்டியால் ஒரு தட்டு.

ஜுனைதா சல்தீன் முதலில் எழுந்தார்.
"இரவில் நீந்தித் தப்பாமலிருக்க
ஏரியில் முதலை விட்டிருந்தார்களாம்.
முதலைக்குத் தீனி போட்ட செலவை
ஒல்லாந்தன் கட்டாயம் எழுதி வைத்திருப்பான்.
அந்தக் கணக்கிலிருந்து தொடங்குவோம்."

டென்சில் கெல்லர் சிரித்தார்.
சிரித்திருக்கக் கூடாது.
"அப்பா ரயில்வே கிளார்க்.
எனக்கு வந்தது ஒரு பியானோ,
அதிலும் பாதி கறையானுக்கு.
மிச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள்."

பின்வரிசையிலிருந்து சிங்களத்தில் ஒரு சொல் வந்து விழுந்தது.
எல்லோருக்கும் விளங்கிய சொல்.
"அவர் உடன்படவில்லை" என்றேன் தமிழில்,
ஆங்கிலத்தில் அதையும் கொஞ்சம் தேய்த்து.
தலைவர் நன்றியோடு என்னைப் பார்த்தார்.
இதற்குத்தானே என்னைக் கூப்பிடுகிறார்கள்.

பிறகு அம்பிகைபாகர்.
வெள்ளவத்தையிலிருந்து ஃபைலோடு வந்தவர்.
தலைக்கு இவ்வளவு, ஆண்டுக்கு இவ்வளவு,
வட்டி, வட்டிக்கு வட்டி.
கடைசித் தொகையை அவர் வாசித்தபோது
எனக்குச் சைபர்கள் போதவில்லை.
கைதட்டினார்கள். கெல்லரும் தட்டினார்.

கதவோரம் நின்ற பெடியன்,
பெயர் தவநேசன், சட்டக் கந்தோரில் வேலை,
கையை உயர்த்தினான். குரலை உயர்த்தவில்லை.
"ஐயா, உங்கட ஃபைலில எங்கட ஆக்களும் இருக்கினமோ?
தேசவழமையில அடிமைக்கெண்டே ஒரு பகுதி கிடக்கு.
எங்கட பெண்குழந்தை பிறந்தால்
வெள்ளைக்காரன் ஓரிரு இறைசால் குடுத்து
விடுவிச்ச காலமும் இருந்தது.
அந்தக் காசு தாயிட்டைப் போகேல்லை.
நட்டஈடு ஏற்கெனவே குடுத்தாச்சு ஐயா.
வாங்கினது ஆர் எண்டுதான் கேக்கிறன்."

கரண்டி தட்டவேயில்லை.
சிங்களத்துக்காக ஒரு பக்கம்,
ஆங்கிலத்துக்காக ஒரு பக்கம்
முகங்கள் என்னிடம் திரும்பின.

அம்பிகைபாகர் என் பக்கம் சரிந்தார்:
"இதை மொழிபெயர்க்கத் தேவையில்லை, பிள்ளை.
இது எங்கட வீட்டு விஷயம்."

பிள்ளை என்ற சொல் எனக்கு இதமாகத்தான் இருந்தது.
எங்கள் காணி உறுதியிலும்
'கிணற்றில் பங்கும், வழிவாய்க்கால் பங்கும்' என்று உண்டு.
கிணற்றடிக்கு வரக்கூடாதவர் யாரென்று
உறுதி சொல்வதில்லை,
எங்கள் வீட்டிலும் யாரும் சொன்னதில்லை,
தெரியாததால் அல்ல.

மொழிபெயர்த்தேன்.
'ஐயா'வையும் விடவில்லை.
'வீட்டு விஷய'த்தையும் விடவில்லை.
இறைசாலுக்கு ஆங்கிலத்தில் தடுமாறினேன்,
ஜுனைதா எடுத்துக் கொடுத்தார்.
என் இரண்டு நிமிடம் ஆறாகியது.

யாரும் கத்தவில்லை. கதிரை எதுவும் விழவில்லை.
பாகர் ஃபைலை மூடினார், திறந்தார்.
"தம்பி, உமக்கு எந்த ஊர்?" என்றார்.
"அதைத்தான் ஐயா முதல்ல கேப்பியள் எண்டு தெரியும்."
அப்போதுதான் கரண்டி தட்டியது.
"நேரம்" என்றார் தலைவர்.
"அடுத்த மாதம் நான் பதில் சொல்லவேணும்" என்றார் பாகர்.
அதையும் மூன்று மொழியில் எழுதிக்கொண்டார்கள்.

படியிறங்கும் இடத்தில் வவுச்சர் நீட்டினார்கள்.
இரண்டு மணித்தியாலம், மூவாயிரம்.
வெளியே ஏரி நாறியது,
கண்ணாடிக் கோபுரங்கள் அதற்குள் தலைகீழாய் நின்றன.
பின்வரிசைக்காரரின் அந்த ஒரு சொல்
இன்னமும் என் வாயில் கிடந்தது,
விழுங்கவும் இல்லை, ஒப்படைக்கவும் இல்லை.
கையெழுத்து வைத்தேன்.
காசை எண்ணாமலே வாங்கிக்கொண்டேன்.